அரசுப் பள்ளியில் குடிமையியல் கற்பிக்க மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்குமான பக்கம் இது. மாணவர் பாராளுமன்றம், கிராம சபைப் பார்வை, அரசமைப்பு நாள், வாக்காளர் விழிப்புணர்வு ஆகியவற்றுக்குப் பணம் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது, எங்கே சிக்கும் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

குடிமையியலுக்கென்று தனி மானியம் உண்டா?

பள்ளி அளவில் அந்தப் பெயரில் ஒரு தலைப்பு கிடையாது. அறிவியலுக்கு ஆய்வகம், விளையாட்டுக்கு உபகரணம் என்று தனித் தலைப்பில் பணம் வருகிறது. குடிமையியல் சமூக அறிவியல் புத்தகத்தின் ஒரு பகுதியாக மட்டும் இருப்பதால், அதற்கு எதுவும் இல்லை என்று பல பள்ளிகள் முடிவு கட்டிவிடுகின்றன. அது தவறான முடிவு. ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், குடிமையியல் செயல்பாடுகளுக்குப் பொருந்தும் தலைப்புகள் மூன்று உள்ளன: பள்ளி மானியம், நூலக மானியம், இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்ற நிதி. இவை தவிர, தேர்தல் ஆணையம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, நாடாளுமன்ற விவகார அமைச்சகம் ஆகியவற்றிடமிருந்து பணமாக இல்லாவிட்டாலும் ஆளாகவும் பொருளாகவும் உதவி கிடைக்கும். எந்தச் செலவை எந்தத் தலைப்பில் வைப்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் பள்ளிக்கு எவ்வளவு வரும்?

அலுவலகங்களில் காம்போசிட் கிராண்ட் என்று சொல்லப்படும் பள்ளி மானியம், மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 30 பேர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம்.

நூலக மானியம் பள்ளியின் வகையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. தொடக்கப் பள்ளிக்கு 5,000. முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே வளாகத்தில் நடக்கும் பள்ளிக்கு 20,000. இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றத்துக்குத் தொடக்கப் பள்ளியில் 5,000, நடுநிலைப் பள்ளியில் 15,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 25,000.

இவை எல்லாம் உச்சவரம்புகள். ஒவ்வொரு ஆண்டும் திட்ட ஒப்புதல் வாரியம் எவ்வளவு ஒப்புக்கொள்கிறதோ, மாநிலத் திட்ட இயக்ககம் எவ்வளவு விடுவிக்கிறதோ அவ்வளவுதான் கைக்கு வரும். தவணையாக வருவதும் உண்டு. ஆகவே முழுத் தொகையை நம்பி முன்கூட்டியே கடையில் கடன் சொல்லி வாங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: எண்ணிக்கை எடுக்கப்படுவது ஒன்றிய அரசின் பள்ளித் தரவுத் தளமான யூடைஸ் பிளஸ் பதிவிலிருந்து. அதற்கான குறிப்பு நாள் செப்டம்பர் 30. பள்ளியில் 31 பேர் படித்து, ஒரு பிள்ளையின் பதிவு முந்தைய பள்ளியிலிருந்து மாற்றப்படாமல் கிடந்தால், பதிவில் 30 என்றுதான் நிற்கும். அந்த ஒரு பெயருக்காக 15,000 ரூபாய் போய்விடும். செப்டம்பர் கடைசி வாரத்தில் வருகைப் பதிவேட்டையும் மாநில அரசின் மாணவர் தகவல் தளமான எமிஸின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள்.

பள்ளி மானியத்தில் குடிமையியலுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

அந்தப் பணத்துக்கு ஏற்கனவே பல கைகள் நீள்கின்றன. குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மின் கட்டணம், இணையம், பழுதுபார்ப்பு, சுண்ணாம்பு, பதிவேடுகள் என்று வரிசை நீளும். 25,000 வரும் பள்ளியில் எல்லாம் போக ஆயிரம், இரண்டாயிரம் மிஞ்சினாலே பெரிது.

எங்கள் ஆலோசனை இது. பள்ளி மானியத்தில் நீடித்து நிற்கும் பொருளை மட்டும் வையுங்கள்: அரசமைப்பின் முகப்புரைப் பலகை, ஊராட்சி அல்லது வார்டு வரைபடம், வரவு செலவு எழுதும் அறிவிப்புப் பலகை. நிகழ்ச்சிச் செலவுகளை மன்ற நிதியில் வையுங்கள். புத்தகத்தை நூலக மானியத்தில் வையுங்கள். தலைப்பைக் கலந்தால் தணிக்கையில் அதுதான் முதல் ஆட்சேபணையாக வரும்.

முகப்புரைப் பலகை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் தயாராக மாட்டியிருப்பதை அப்படியே எடுத்து வராதீர்கள். அரசமைப்பின் தமிழ்ப் பதிப்பை ஒன்றியச் சட்ட அமைச்சகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதிலுள்ள முகப்புரையை அச்சிட்டு, பலகை எழுதுபவர் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். 1976இல் 42ஆம் திருத்தம் சேர்த்த சொற்கள் விடுபட்டிருக்கின்றனவா, கீழே உள்ள நாள் 1949 நவம்பர் 26 என்று இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள். 1950 ஜனவரி 26 என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அது நடைமுறைக்கு வந்த நாள். முகப்புரையில் இருப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள்.

இளைஞர் மன்ற நிதியில் மாணவர் பாராளுமன்றம் நடத்தலாமா?

நடத்தலாம். இளைஞர் மன்றத்தின் நோக்கத்திலேயே விவாதம், வாசிப்பு, தலைமைப்பண்பு, வாழ்வியல் திறன் எல்லாம் உள்ளன. ஆனால் பெயரில் இரண்டு மன்றங்கள் இருக்கின்றன. அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் சுற்றுச்சூழலுக்கான பங்கு தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் அதைத் தொடக் கூடாது. மரக்கன்றுக்கான பணத்தில் வாக்குச்சீட்டு அச்சிட்டால், நல்ல நோக்கமாக இருந்தாலும் பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லும் மீட்பு உத்தரவு வரும்.

நடுநிலைப் பள்ளி ஒன்றில் இளைஞர் மன்றப் பங்காக 7,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிப் பிரிக்கலாம்: வாக்காளர் பட்டியல், வாக்குச்சீட்டு, படிவங்கள் நகலெடுக்க 600. பெயர்ப் பலகைகள், அட்டைகளுக்கு 900. ஒலிபெருக்கி வாடகை 1,000. கிராம சபைக்குப் போகும் 40 மாணவர்களுக்குக் குறிப்பேடு தலா 25 வீதம் 1,000. சுவரொட்டித் தாள், வண்ணம் 500. வெளியிலிருந்து பேச வருபவரின் பயணச் செலவு 600. பரிசுப் புத்தகங்கள் 1,000. மீதி 1,400இல் மேலே சொன்ன முகப்புரைப் பலகை. பள்ளி மானியத்தில் இடமில்லாத பள்ளிகள், மன்றச் சுற்றறிக்கை இடம் தந்தால் இதிலிருந்து செய்துகொள்ளலாம். வாக்குப்பெட்டிக்குச் செலவு வேண்டாம். பூட்டு போடக்கூடிய பழைய தகரப் பெட்டி போதும்.

தேநீர், பொன்னாடை, பதாகை ஆகிய மூன்றிலும் சிக்கனம் காட்டுங்கள். 7,000 ரூபாயில் 2,500க்குப் பதாகை அடித்த பட்டியல்கள் (பில்கள்) உண்டு. பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அந்தத் தேர்தலை உருப்படியாக நடத்துவது எப்படி?

பணத்தைவிட இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. ஆசிரியரே வேட்பாளரைச் சொல்லி, கை தூக்கச் சொல்லி, நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பிரதமராக்கிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினால் அது தேர்தல் ஆகாது.

முதலில் வாக்காளர் பட்டியல். வகுப்பு வாரியாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இரண்டு நாள் ஆட்சேபணைக்கு விடுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பெயர் விட்டுப்போயிருக்கும். அதை அந்தப் பிள்ளையே எழுதிக் கொடுத்துச் சேர்க்க வேண்டும். அடுத்து வேட்புமனு, பரிசீலனை, திரும்பப் பெறும் நாள். பிரச்சாரத்துக்குப் பள்ளி நேரத்தில் ஒரு பாடவேளை போதும். பரிசுப் பொருள் கொடுக்கக் கூடாது, மதிய உணவு இடைவேளையில் வாக்குக் கேட்கக் கூடாது என்பன போன்ற நடத்தை விதிகளை மாணவர் தேர்தல் குழுவே எழுதட்டும்.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோடு சின்னமும், கடைசியில் நோட்டாவும் இருக்கட்டும். வரிசை எண்ணை அடிக்கட்டையில் மட்டும் போடுங்கள். சீட்டிலும் எண் இருந்தால், கட்டையைப் பார்த்து யார் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் விட மாட்டார்கள்.

விரலில் வைக்க அழியாத மை கேட்டுப் பலர் அலைகிறார்கள். அதைத் தேர்தலுக்காகத் தயாரிப்பது கர்நாடக அரசின் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். கடையில் விற்பனைக்குக் கிடையாது. மார்க்கர் பேனா போதும்.

எண்ணிக்கை தொடங்கும் முன் சீட்டுக் கணக்கு எழுத வேண்டும். இதுதான் முழு நிகழ்ச்சியின் உயிர் என்று நாங்கள் கருதுகிறோம். உதாரணமாக, அச்சிட்டவை 150, வழங்கியவை 131, மீதி 19 என்று எழுதியாயிற்று. பெட்டியைத் திறந்தால் 130தான் இருக்கிறது. அப்போது என்ன செய்வது? ஆசிரியர் சமாளித்துவிடக் கூடாது. முகவர்களாக நிற்கும் மாணவர்கள் முன்னால், ஒரு சீட்டு பெட்டிக்கு வரவில்லை என்று எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, அதன் பிறகு எண்ண வேண்டும். வெற்றி வித்தியாசம் ஒன்றே ஒன்று என்றால் மறுதேர்தல் வேண்டுமா என்பதைத் தேர்தல் குழு முடிவு செய்யட்டும். வாக்குச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி எதற்காக நிரப்பப்படுகிறது என்று அன்றைக்குப் புரிந்துகொள்ளும் பிள்ளை வாழ்நாளுக்கும் மறக்காது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உண்மையான அதிகாரம் ஒன்றாவது இருக்க வேண்டும். நூலக மானியத்தில் 1,000 ரூபாய்க்கு என்ன புத்தகம் வாங்கலாம், வாசிப்பு நேரத்தை எப்போது வைக்கலாம் என்பன போன்றவை. அதிகாரம் இல்லாத அமைச்சரவையை மூன்றாம் வாரம் யாரும் மதிப்பதில்லை.

மகிழ் முற்றம் ஏற்கனவே நடக்கிறதே, இதையும் தனியாக நடத்த வேண்டுமா?

வேண்டாம், இணைத்துக்கொள்ளுங்கள். 2024இல் தொடங்கிய மாணவர் குழு முறையான மகிழ் முற்றத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள் உள்ளன. அவற்றைத் தொகுதிகளாக வைத்துக்கொண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தலைப்புகளில் பட்டியல் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளைஞர் நாடாளுமன்றப் போட்டிக்கு ஒன்றிய அரசு பணம் தருகிறதா?

நாடாளுமன்ற விவகார அமைச்சகம் மாநில அரசுகளுக்கு நிதி உதவி தரும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அது மாநிலத்துக்கானது. ஒரு பள்ளி நேராக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிகள் நேராகச் சேரக்கூடியது 2019 நவம்பர் 26 அன்று தொடங்கிய தேசிய இளைஞர் நாடாளுமன்றத் திட்ட இணையதளம். 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களைக் கொண்டு அமர்வு நடத்தி அறிக்கையைப் பதிவேற்றினால் சான்றிதழ் கிடைக்கும். பணம் கிடைக்காது. அமர்வுச் செலவை மன்ற நிதியில்தான் வைக்க வேண்டும்.

பரிசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் போட்டிகளின் மதிப்பெண் முறையைப் பார்த்துவையுங்கள். ஒழுங்கும் கண்ணியமும் 10, நாடாளுமன்ற நடைமுறை 20, கேள்விகளின் தேர்வும் துணைக் கேள்விகளும் பதில்களின் தரமும் 20, விவாதப் பொருளின் தேர்வு 10, விவாதத்தின் தரம் 30, பொது மதிப்பீடு 10. பள்ளிகள் தவறவிடுவது மூன்றாவது வரிசையில். கேள்வியும் பதிலும் மனப்பாடமாக வந்துவிடும். துணைக் கேள்வி வந்ததும் அமைச்சர் விழிப்பார். ஒத்திகையின்போது துணைக் கேள்விகளை எழுதித் தராதீர்கள். எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர்கள் அங்கேயே யோசித்துக் கேட்கட்டும்.

கிராம சபைக்கு மாணவர்களை அழைத்துப் போகலாமா?

பார்வையாளர்களாகப் போகலாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களே கிராம சபை உறுப்பினர்கள். ஆகவே மாணவர்கள் தீர்மானத்தில் கை தூக்க முடியாது. அவர்கள் எழுதிய மனுவைப் பெற்றோர் யாராவது எழுந்து கொடுக்கலாம்.

ஆண்டில் ஆறு கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே முதல் நாள் கோடை விடுமுறை, அக்டோபர் 2 பெரும்பாலும் காலாண்டு விடுமுறையை ஒட்டி வரும். கொடியேற்றம் முடிந்த கையோடு போக வசதியானவை ஆகஸ்டு 15ம் ஜனவரி 26ம். நவம்பர் 1 மூன்றாவது வாய்ப்பு. ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தை அந்த நாளை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்துவிட்டு வராதீர்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒரு குழு வந்தவர்களை எண்ணட்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்பது குறைவெண் வரம்பு (கோரம்). அது நிறைவேறியதா? இன்னொரு குழு பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள் என்று குறிக்கட்டும். மற்றொரு குழு வரவு செலவு வாசிக்கப்பட்டதா, எந்தத் தொகை எதற்கு என்று எழுதட்டும். தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதே தனிப் பாடம்.

முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும், கூட்டத்தில் காரசாரமாகிவிட்டால் பிள்ளைகளை அழைத்துவர இரண்டு ஆசிரியர்களும் அவசியம்.

பணம் எடுக்கும் நடைமுறை என்ன?

பள்ளிக் கணக்கில் பணம் வந்து கிடப்பதில்லை. ஒற்றை முகமைக் கணக்கு முறையில் பள்ளிக்கு இருப்பது இருப்பில்லாக் கணக்கு. அதில் செலவு வரம்பு மட்டும் ஏற்றப்படும். பி.எஃப்.எம்.எஸ். எனப்படும் பொது நிதி மேலாண்மைத் தளத்தில் ஒருவர் பதிவிட, இன்னொருவர் ஒப்புதல் தர, பணம் நேராக விற்பனையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகும்.

வரிசை இப்படி. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் செயல்பாட்டின் பெயர், தலைப்பு, தொகை மூன்றையும் குறிப்பிட்டுத் தீர்மானம். பிறகு கொள்முதல், பள்ளியின் பெயரில் பட்டியல். பொருளானால் இருப்புப் பதிவேட்டில் பதிவு. விற்பனையாளரின் வங்கி விவரத்தைத் தளத்தில் சேர்த்தல். செலவுப் பதிவு, ஒப்புதல். பணம் செலுத்தும் ஆணையை அச்செடுத்துத் தலைவரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தல். பணம் போய்ச் சேர்ந்ததும் ரொக்கப் பதிவேட்டில் எழுதுதல். நடைமுறையில் மாற்றம் இருந்தால் வட்டார வள மையத்தின் கணக்காளருக்குத்தான் முதலில் தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தீர்மானம் எழுதும் விதம் முக்கியம். “மன்றச் செயல்பாடுகளுக்குச் செலவு செய்யத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினால் போதாது. “இளைஞர் மன்ற நிதியிலிருந்து மாணவர் பாராளுமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு, படிவம் நகலெடுக்க 600 ரூபாய்க்கு மிகாமல் செலவிட ஒப்புதல் அளிக்கப்பட்டது” என்று இருக்க வேண்டும்.

எந்த இடங்களில் பணம் சிக்கிக்கொள்கிறது?

பெரும்பாலும் சின்ன விஷயங்களில். நகலெடுக்கும் கடைக்காரரின் கடைப் பெயர் ஒன்று, வங்கிக் கணக்குப் பெயர் வேறொன்று. வங்கிகள் இணைந்த பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருக்கும், பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்துப் பதிவிட்டுவிடுவார்கள். ஒலிபெருக்கி வாடகைக்காரரிடம் பட்டியல் புத்தகமே இருக்காது. இதையெல்லாம் பொருள் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பெரிய சிக்கல் கையெழுத்து. மேலாண்மைக் குழுத் தலைவரின் பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டால், பெற்றோர் என்ற தகுதி போய்விடுகிறது. தலைமையாசிரியர் மாறுதலில் போனாலும் இதே கதை. வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகல், அடையாள அட்டைகள், புகைப்படம் என்று இழுத்துக்கொண்டு போகும். மே மாதம் நேர்ந்த மாற்றத்தை ஜூன் முதல் கூட்டத்திலேயே சரிசெய்யாத பள்ளி, நவம்பரில் அரசமைப்பு நாள் வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

மூன்றாவது மார்ச் மாதம். செலவழிக்காத வரம்பு நிதியாண்டு முடிவில் திரும்பிப் போய்விடும். கடைசி வாரத்தில் தளமும் மெதுவாகும், வங்கியிலும் கூட்டம். பிப்ரவரி 15க்குள் எல்லாப் பட்டியலையும் முடித்துவிடுவதென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிதியே வராத ஆண்டில் என்ன செய்வது?

2024–25ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி விடுவிக்கப்படாமல் நின்றது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. திட்டச் செலவில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கீடு. ஒரு பக்கம் நின்றால் கடைசிப் பள்ளிவரை தட்டும்.

ஆகவே பணமில்லாமலும் நடக்கக்கூடிய பகுதியைத் தனியாகத் திட்டமிடுங்கள். 2018இல் தேர்தல் ஆணையம் தொடங்கிய தேர்தல் விழிப்புணர்வு மன்றங்கள் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கானவை. மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரின் அலுவலகத்தில் கேட்டால் விளையாட்டு அட்டைகள், கையேடுகள் கிடைக்கும். ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாளை ஒட்டி வாக்குப்பதிவு இயந்திரச் செயல்விளக்கம் கேட்டும் எழுதலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சட்ட விழிப்புணர்வு முகாம்களை இலவசமாக நடத்துகிறது. ஒரு பக்கக் கடிதம் போதும். வழக்கறிஞரே பள்ளிக்கு வருவார். என்ன தலைப்பு வேண்டும், எந்த வகுப்பு என்று குறிப்பிடாவிட்டால் பெரியவர்களுக்கான உரையையே பிள்ளைகளுக்கும் பேசிவிட்டுப் போவார்கள்.

நன்கொடையாக வருவதை நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி இணையதளம் வழியாகக் கேட்கலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. முன்னாள் மாணவர் கையில் ரொக்கம் வாங்குவதைவிடப் பாதுகாப்பானது.

எங்களுடையது அரசு உதவிபெறும் பள்ளி. எங்களுக்கு?

மேலே சொன்ன மூன்று மானியங்களும் அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளுக்கானவை. முந்தைய பதில்களில் உள்ள தேர்தல் மன்றம், சட்ட முகாம், இளைஞர் நாடாளுமன்ற இணையதளம் ஆகியவை உங்களுக்கும் திறந்தவை.

மானியக் கணக்கை மாணவர்களுக்குக் காட்டலாமா?

காட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தங்கள் வரவு செலவைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிய அரசு, மாநில அரசு என்று பாடம் படிக்கிறது. அந்த இரண்டு அரசுகளும் 60க்கு 40 என்று பகிர்ந்து அனுப்பிய பணம் அதே கட்டடத்தில் பதிவேடாக இருக்கிறது. அதைப் பூட்டிவைத்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் வாசிப்பது பெரிய இழப்பு.

செய்யும் முறை எளிது. நுழைவாயில் பலகையில் தலைப்பு, வந்த தொகை, செலவு, மீதி என்று நான்கு பத்திகள். மாதம் ஒருமுறை மாணவர் அமைச்சரவையின் நிதி அமைச்சர் அதைப் புதுப்பிக்கட்டும். ஒரு பாடவேளையில் தீர்மானம், பட்டியல், இருப்புப் பதிவு மூன்றின் நகலையும் குழுக்களுக்குக் கொடுத்து, 600 ரூபாய்ப் பட்டியல் மூன்றிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பனையாளரின் வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண்ணை நகலில் மறைத்துவிடுங்கள். ஊதியம், தனிமனித விவரம் உள்ள பதிவேடுகள் வகுப்பறைக்கு வர வேண்டாம்.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். “ஒலிபெருக்கி பள்ளியிலேயே இருக்கும்போது ஏன் வாடகைக்கு எடுத்தோம்?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை பெரியவர்களுக்கு உண்டு. பழுது என்றால் பழுது என்று சொல்லலாம். கவனிக்கவில்லை என்றால் அடுத்த முறை கவனிக்கலாம்.

கட்சி அரசியல் உள்ளே வந்துவிடுமோ என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். என்ன சொல்வது?

தயக்கம் நியாயமானது. எழுதிவைத்த எல்லை இருந்தால் தயக்கம் குறையும். உண்மையான கட்சிகளின் பெயர், கொடி, சின்னம் மாணவர் தேர்தலில் கூடாது. சாதி, மத அடையாளத்தில் வாக்குக் கேட்டால் வேட்புமனு தள்ளுபடி. மக்கள் பிரதிநிதிகளை அழைத்தால் அவர்களின் பணி பற்றிப் பேச மட்டும் அழையுங்கள். தேர்தல் நடத்தை விதி நடைமுறையில் இருக்கும் வாரங்களில் யாரையும் அழைக்க வேண்டாம். இந்த எல்லைகளை மேலாண்மைக் குழுத் தீர்மானத்திலேயே சேர்த்துவிட்டால் பின்னால் புகார் வந்தாலும் பள்ளிக்குப் பிடிமானம் இருக்கும்.

தணிக்கைக்கு என்னென்ன கோப்பில் இருக்க வேண்டும்?

தீர்மான நகல், பட்டியல், பணம் செலுத்திய ஆணையின் நகல், இருப்புப் பதிவேட்டுப் பக்க எண், நிகழ்ச்சி நாளும் பங்கேற்றோர் எண்ணிக்கையும் உள்ள ஒரு பக்க அறிக்கை, இரண்டு புகைப்படங்கள், கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ். வாக்குச்சீட்டுக் கணக்கும் கிராம சபைக் குறிப்புகளும் கோப்பில் இருந்தால் செலவு உண்மையில் நடந்த செயல்பாட்டுக்குத்தான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. சமூகத் தணிக்கைக்கு வரும் குழு பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் நேரில் கேட்கும்.

அடுத்த ஆண்டுக்கான பணத்தை இப்போதே கேட்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு மேலாண்மைக் குழுவை அமைக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அதே குழுவிடம் தருகிறது. அரசோ உள்ளாட்சியோ போடும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் அந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் மட்டும் எழுதி முடித்துவிடாமல், “6 முதல் 10ஆம் வகுப்பு வரை குடிமையியல் செயல்பாடுகள்: மாணவர் தேர்தல், கிராம சபைப் பார்வை, அரசமைப்பு நாள்” என்று ஒரு வரியும், அதற்கு நேரே தொகையும் எழுதிப் பெற்றோர் செயலியில் பதிவேற்றுங்கள். நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, அதாவது டிசம்பர் கூட்டத்திலேயே, அது எழுதப்பட்டாக வேண்டும்.